புகை அடங்கும் மட்டும்

கடலுக்கும் உடைமரக் காட்டுக்கும் நடுவே, வெயில் தன் சொந்த வீடு என்று நினைத்துக் குடியிருந்த கீழமுனை உப்பளத்தில் மரம் என்று ஒன்று இல்லை, நட்டாலும் அந்த மண் அதை ஏற்றுக்கொள்வதில்லை, மனுஷருக்கு நிழல் என்று இருந்ததெல்லாம் அவரவர் காலடியில் கிடந்ததுதான், அதுவும் உச்சிப்பொழுதானால் கூச்சப்பட்டுக்கொண்டு பாதத்துக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். ஆண்கள் பாத்தியில் பலகை போட்டு உப்பை இழுத்து வரப்போரம் குவித்தார்கள், பெண்கள் அதை ஓலைப்பெட்டியில் அள்ளித் தலையில் ஏற்றி, வரப்பு வழியாக நடந்து, வெள்ளை வெளேரென்று எழும்பி நின்ற அம்பாரத்தின் மேலேறிக் கொட்டிவிட்டு மறுபடி இறங்கினார்கள். காலையில் ஒரு தரம், சாயங்காலத்துக்கு முன்னே ஒரு தரம், கங்காணி பொன்னுலிங்கம் "பீடி நேரம்" என்று குரல் கொடுப்பார். ஆண்கள் பலகையைப் போட்டுவிட்டு வரப்பில் குந்துவார்கள். பெண்கள் நடந்துகொண்டே இருப்பார்கள்.

பங்குனி மாதத்தில் ஒருநாள், கனிபாக்கியத்தின் முன்னால் பெட்டி சுமந்து போன பேச்சித்தாய் கண் இருட்டி அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். "எந்திரிம்மா, வழியில உக்காராத" என்றார் கங்காணி. கனிபாக்கியம் ஐம்பதை எட்டியவள், நெடுநெடுவென்று உயரம், தலையில் பாரம் இருந்தால்தான் அவள் கழுத்து இன்னும் நிமிரும். பெட்டியை இறக்காமலேயே அவர் முன்னால் போய் நின்றாள்.

"அண்ணாச்சி, ஆம்பளையளுக்கு உக்கார நேரம் இருக்கு. எங்களுக்கு எப்ப?"

பொன்னுலிங்கம் கெட்டவர் இல்லை. சொன்ன சொல்லைத் தாண்டமாட்டார் என்று பேரெடுத்தவர், அந்தப் பேரைத் தவிர அவருக்கும் வேறு ஆஸ்தி கிடையாது.

"அது உக்காருத நேரம் இல்லம்மா, பீடி நேரம். குடிக்கிறவன் புகை அடங்கும் மட்டும் இருக்கலாம், அடங்கினதும் எந்திரிச்சிரணும். அதான் இந்த அளத்துச் சட்டம். நீங்க என்னத்தைக் குடிக்கிறிய?"

வரப்பில் இருந்த ஆண்கள் சிரித்தார்கள்.

"அப்ப, குடிச்சா உக்காரலாம்?"

"ஆம்பளை பொம்பளைன்னு சட்டத்துல ஒண்ணும் இல்ல. குடிச்சா உக்காரலாம்."

"புகை அடங்கும் மட்டும்."

"அடங்கும் மட்டும்."

கனிபாக்கியம் தலையை ஆட்டவில்லை, பெட்டி இருந்தது. திரும்பி நடந்து, அம்பாரத்தில் ஏறி, உப்பைக் கொட்டினாள்.

அவள் புருஷன் ஏசுவடியான் சரக்குக் கப்பல்களில் சமையல்காரராக இருந்தவர். அவர் பார்க்காத துறைமுகம் குறைவு. நெஞ்சில் சளி கட்டி மூச்சு சுருங்கிப்போய், இனிமேல் புகை கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லி, கரைக்கு வந்து வீட்டோடு இருந்தார். அவரோடு வந்து சேர்ந்த சாமான்களில் ஒரு பைப்பும் இருந்தது. ஏதோ ஒரு குளிர்தேசத்து மரத்தின் வேரைக் குடைந்து செய்தது, கருஞ்சிவப்பு நிறம், வாயில் வைக்கிற நுனியில் அவருடைய பல் பதிந்த தடம். பக்கத்தில் பைப்புப் புகையிலை போட்ட ஒரு தகர டப்பா. அதைத் திறந்தால் மழையில் நனைந்த விறகும் உலர்ந்த திராட்சையும் சேர்ந்தாற்போல ஒரு வாசனை வரும். அவர் தினமும் ஒரு தரம் திறந்து மோந்துவிட்டு மூடிவைப்பார்.

"அதை எடுங்க" என்றாள் அன்றைக்குச் சாயங்காலம்.

"எதுக்கு?"

"நான் குடிக்கணும்."

ஏசுவடியான் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "டாக்டர் எனக்கு வேண்டாம்னதை நீ குடிக்கப் போறியாக்கும்."

"எனக்கு டாக்டர் ஒண்ணும் சொல்லல. கங்காணிதான் சொன்னாரு." நடந்ததைச் சொன்னாள். "பீடின்னா நாலு இழுப்புல முடிஞ்சிரும். இது எவ்வளவு நேரம் நிக்கும்?"

அவர் யோசித்தார். "நிதானமா குடிச்சா, ஒரு கப்பல் துறைமுகத்துக்குள்ள நுழைஞ்சு கயிறு கட்டுத நேரம் நிக்கும்."

"அதைத்தான் கேக்கேன்."

வீட்டுக்குப் பின்னால், துணி துவைக்கிற கல்லின் மேல் அவள் உட்கார, புகை படாத பக்கமாக அவர் தள்ளி நின்றுகொண்டார். புகையிலையை எப்படி உதிர்ப்பது, அடியில் எப்படித் தூவுவது, மேலே எப்படி விரலால் அழுத்துவது என்று சொன்னார். அவள் உப்பைப் பெட்டியில் அமுக்குகிற மாதிரி அமுக்கினாள், காற்றே போகவில்லை. குத்திக் கிளறி மறுபடி போட்டாள், இந்தத் தடவை நெருப்பு ஒரு பக்கம் பற்றி ஒரு பக்கம் அணைந்தது. தீக்குச்சிகள் காலடியில் குவிந்தன. கடைசியில் பற்றிக்கொண்டதும், அடுப்பு ஊதி ஊதிப் பழகிய வாய் அல்லவா, பலங்கொண்ட மட்டும் நெஞ்சுக்குள் இழுத்துவிட்டாள். தேள் ஒன்று தொண்டைவழி இறங்கி ஈரல்குலையில் கொட்டியது போலிருந்தது. இருமினாள், கண்ணீர் வழிந்தது, மத்தியானம் சாப்பிட்ட கஞ்சி முழுதும் துவைகல்லோரம் வந்து விழுந்தது, ஆகாசமும் முருங்கைமரமும் புருஷனும் ஒன்றாகச் சுற்றினார்கள்.

"போதும், வச்சிரு" என்றார் அவர்.

"தண்ணி தாங்க" என்றாள் அவள். வாய் கொப்பளித்துவிட்டு, "இப்ப சொல்லுங்க, நான் எங்க தப்பு செஞ்சேன்?"

"உள்ள விட்டுட்ட. இது பீடி இல்ல, கனி. நெஞ்சுக்குள்ள விடப்பிடாது. தெரியாத ஆளு வந்தா நடை வாசல்லயே நிக்க வச்சுப் பேசி அனுப்புவியே, அது மாதிரி வாய்க்குள்ளயே வச்சுப் பேசி அனுப்பிரணும்."

மறுநாளும் நாக்கு வெந்தது. அதற்கு மறுநாள் விக்கல் வந்து சோறு இறங்கவில்லை. அவசரப்பட்டு இழுத்தால் பைப்பின் கிண்ணம் கொதித்து விரலைச் சுட்டது, அசந்தால் அணைந்தது. "தொட்டில் ஆட்டுத மாதிரி" என்றார் அவர். "ஆட்டுத கை நிக்கவும் கூடாது, பிள்ளை முழிக்கவும் கூடாது." கனிபாக்கியத்துக்கு அது பிடிபட்டது வேறு வழியாக. பாரத்தோடு அம்பாரம் ஏறும்போது பெண்கள் விடுகிற மூச்சு ஒன்று உண்டு, பாதி இழுத்துப் பாதி விட்டு, மேலே போய்ச் சேரும்வரை மிச்சம் பிடித்து விடுகிற மூச்சு, அந்த மூச்சை எடுத்துப் பைப்புக்குக் கொடுத்தாள். நெருப்பு பணிந்தது. கசப்புக்குப் பின்னால் ஒரு தித்திப்பு இருந்ததை அன்றைக்குத்தான் நாக்கு கண்டது. கண்ணை மூடிக்கொண்டு, ஒரு அவசரமும் இல்லாமல், கிண்ணம் சாம்பலாகும் மட்டும் உட்கார்ந்திருந்தாள். தன் வாழ்நாளில் ஒரு வேலையும் செய்யாமல் அவ்வளவு நேரம் உட்கார்ந்தது அதுதான் முதல் தரம் என்பது எழுந்த பிறகே அவளுக்கு உறைத்தது.

டப்பாவில் இருந்தது தீரப்போகிறது என்று ஏசுவடியான் கடைப் புகையிலை வாங்கி, கருப்பட்டிப் பாகு தெளித்து, சுளகில் உலர்த்தி அதோடு கலந்து கொடுத்தார். "அடுத்த வாரம் கொண்டு போ" என்றார்.

"நாளைக்கே" என்றாள்.

மறுநாள் காலையில் கங்காணி குரல் கொடுத்ததும், கனிபாக்கியம் பெட்டியை இறக்கிவைத்தாள், வரப்பில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள், இடுப்பிலிருந்து பைப்பை எடுத்தாள். பலகைகள் நின்றன. அவள் யாரையும் பார்க்காமல் நிறைத்து, அழுத்தி, முந்தானையால் காற்றை மறைத்துப் பற்றவைத்தாள். ஆண்களுக்குப் பீடி முடிந்தது, எழுந்தார்கள். அவள் இருந்தாள். அவர்கள் இரண்டு பாத்தி இழுத்து முடித்தார்கள். அவள் இருந்தாள். கடைசியில் பைப்பைக் கவிழ்த்துத் தட்டிச் சாம்பலை உதிர்த்தபோது, கங்காணி "சரி, எந்திரிம்மா" என்றார்.

கனிபாக்கியம் நிமிர்ந்து மேலே பார்த்தாள். கங்காணியும் பார்த்தார். அவள் விட்ட புகை அவள் தலைக்கு மேலே, ஒரு பனை உயரத்தில், சுளகு அகலத்துக்கு அப்படியே நின்றுகொண்டிருந்தது. கச்சான் காற்று உப்புத்தூளை வாரி முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது, புகை மட்டும் அசையவில்லை. அதன் கீழே வரப்பில், கறுப்பாக, குளிர்ச்சியாக, ஒரு நிழல் விழுந்திருந்தது.

"புகை அடங்கலியே அண்ணாச்சி" என்றாள்.

பொன்னுலிங்கம் வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார். "இல்ல" என்றார் கடைசியில். "அடங்கல." சொன்ன சொல் சொன்னதுதான், ஆகவே அவர் அடுத்த பாத்திக்குப் போய்விட்டார்.

முதலில் பேச்சித்தாய்தான் வந்தாள். பெட்டியை இறக்கிவிட்டு, "எக்கா, கொஞ்சம் தள்ளிக்க" என்று அந்த நிழலில் தன் பாதங்களை மட்டும் வைத்துக்கொண்டாள், ஏனென்றால் அவ்வளவுதான் இடம் இருந்தது. சாயங்காலம் கனிபாக்கியம் இன்னொரு கிண்ணம் குடித்தாள். நிழல் பாய் அகலம் ஆனது. அந்த வாரம் முடிவதற்குள் அது ஒரு கல்யாணப் பந்தல் அளவுக்கு விரிந்துவிட்டது, கீழே அளத்துப் பெண்கள் எல்லாரும் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

ஊர் அதைப் பெரிதாகக் கேள்வி கேட்கவில்லை. கடலே உப்பாக மாறுவதை நாள்தோறும் பார்க்கிறவர்களுக்குப் புகை கூரையாக மாறுவது ஒரு அதிசயமா? உப்புக் காற்றில் பட்ட புகை உறைந்துபோகும் என்றார்கள் சிலர், உடன்குடிக் கருப்பட்டியின் பிசுக்கு என்றார்கள் சிலர், முப்பது வருஷம் பெட்டிக்குக் கீழே அடக்கிவைத்த மூச்சு வெளியே வந்தால் லேசில் கலையுமா என்றாள் பேச்சித்தாய். கட்டுமரக்காரர்கள் கரை திரும்ப அதை அடையாளம் பிடித்தார்கள். வீட்டில் விட்டுவந்த கைப்பிள்ளைகளைத் தாய்மார் தூக்கிவந்தார்கள், நாலு கம்பு நட்டுத் தொட்டில்கள் தொங்கின. டீக்காரர் சைக்கிளை அங்கே கொண்டுவந்து நிறுத்தினார். ஆடுகள் அசைபோட வந்தன. கட்சிக்காரர் ஒருவர் நிழலின் ஓரத்தில் கொடி நட்டார், வெயில் சாயச் சாய நிழலும் நகர்ந்ததால் நாள் பூராவும் கொடியைப் பிடுங்கிப் பிடுங்கி நட்டுக் களைத்துப்போய்த் தன் கொடியைத் தானே சுருட்டிக்கொண்டு போனார். வானிலை ஆபீசிலிருந்து கண்ணாடி போட்ட ஒருவர் வந்து, ஆகாயத்தை அளந்து, மேகம் ஏதும் இல்லை என்று தீர்மானமாகச் சொன்னார், சொல்லிவிட்டு அதன் கீழே ஒரு தூக்கம் போட்டுவிட்டுத்தான் பஸ் ஏறினார். கோயில் கமிட்டிப் பெண்கள் மட்டும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அவளை வழிமறித்தார்கள்.

"பொம்பளை பைப்பு குடிக்கலாமா கனிபாக்கியம்?"

"உக்காரலாமான்னுதான் கேட்டேன். குடிச்சாத்தான் உக்காரலாம்னாவ. குடிச்சேன்" என்றாள்.

கோயில் உபதேசியார் வேதத்தில் அதற்கு எதிராக வசனம் தேடினார். வனாந்தரத்தில் பகலெல்லாம் கர்த்தருடைய ஜனங்களுக்கு வழிகாட்டி முன்னே போன மேகம்தான் திரும்பத் திரும்ப அகப்பட்டது. அதோடு விட்டுவிட்டார்.

அவளுடைய நடை மாறியிருந்தது. பாரம் இல்லாத நேரத்திலும் கழுத்து நிமிர்ந்தே இருந்தது, சந்தைக்குப் போனால் ஜனங்கள் வழிவிட்டார்கள், அவளும் அதை வேண்டாம் என்று சொல்லவில்லை.

உப்பு மட்டும் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. நிழல் விழுந்த பாத்திகளில் தண்ணீர் தண்ணீராகவே கிடந்தது. செய்தி அளத்து முதலாளி சாமிதாசுக்கு எட்டியது. அவர் டவுனில் இருப்பவர், ஜீப்பில் வந்து இறங்கினார். நிழலையும் அதில் உட்கார்ந்திருந்த பெண்களையும் பார்த்துவிட்டு, கங்காணியிடம் திரும்பினார்.

"எத்தனை நேரமா உக்காந்திருக்காளுவ?"

"புகை அடங்கும் மட்டும்னு சட்டம் முதலாளி. அடங்கல."

"யாரு வச்ச சட்டம்?"

"உங்கய்யா காலத்துச் சட்டம்."

சாமிதாஸ் ஆள்களை விட்டுப் புகையைக் கலைக்கச் சொன்னார். நீண்ட மூங்கிலில் சாக்கைக் கட்டி விசிறினார்கள், பெரிய மின்விசிறி ஒன்றை லாரியில் கொண்டுவந்து ஓடவிட்டார்கள். புகை, தூங்குகிற மாடு ஈயை ஓட்டுவது போல, ஒரு தரம் ஓரத்தைச் சிலுப்பிக்கொண்டது. அவ்வளவுதான்.

பிறகு அவர் நிழலுக்கு வெளியே, கனிபாக்கியத்தின் முன்னால் வந்து நின்றார். அவள் எழுந்து நின்றாள். அவரைவிட உயரமாக இருந்தாள்.

"இது உன் வேலை. நாளையிலேர்ந்து நீ வரவேண்டாம்."

"நான் போனா நிழலும் போயிரும்னு நினைக்கியளா முதலாளி?" என்றாள். "அது இங்கதான் நிக்கும். அதை இடம் மாத்தத் தெரிஞ்சவ நான் ஒருத்திதான்."

பேச்சித்தாய் எழுந்து அவள் பக்கத்தில் நின்றாள். அப்புறம் ஒவ்வொருத்தியாக எல்லாரும் எழுந்தார்கள். பிள்ளைகள் தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தன.

சித்திரை வெயில், தலைக்கு மேலே கொளுத்திக்கொண்டிருந்தது. உப்பின் வெள்ளை கண்ணைக் குத்த, சாமிதாஸ் கண்ணை இடுக்கிக்கொண்டே நின்றார், வியர்வை சட்டையை நனைத்தது, நெற்றிப்பொட்டு விண்விண்ணென்று தெறித்தது. அவர்களை ஏசிக்கொண்டே, தன்னை அறியாமல் ஓர் எட்டு எடுத்து நிழலுக்குள் வந்துவிட்டார். வந்ததும் பேச்சை நிறுத்தினார். இடுங்கியிருந்த கண்கள் மெல்லத் திறந்தன. கருப்பட்டியும் புகையிலையும் கலந்த வாசனை மூக்கில் ஏறியது. பெண்களின் பாதங்கள்தான் முதலில் அவர் கண்ணில் பட்டன, உப்புத் தின்று வெடித்து, விரலிடுக்கெல்லாம் வெள்ளைப் புண்ணாகியிருந்த பாதங்கள். அய்யா காலத்திலிருந்து இந்த அளத்துக்கு வந்துபோகிறார், கண்ணை முழுசாகத் திறந்து பார்த்தது இன்றைக்குத்தான்.

கனிபாக்கியம் அவருக்குச் செம்பில் தண்ணீர் கொடுத்தாள். குடித்தார். உட்கார்ந்தார்.

"என்னதான் வேணும் உனக்கு?" என்றார், குரலில் காரம் இல்லாமல்.

"ஆம்பளையளுக்கு உக்காருத நேரத்துல நாங்களும் உக்காரணும். குடிச்சாலும் சரி, குடிக்காட்டாலும் சரி. இந்தப் பிள்ளையள் யாரும் உக்காருததுக்காக இதைப் பழகவேண்டாம். நாக்கு வெந்துபோகும்." பைப்பைக் காட்டினாள். "அதை நீங்க வாய் திறந்து சொன்னா, நிழலை நாங்க அம்பாரத்துக்குப் பின்னால தரிசுக்குக் கொண்டுபோயிருதோம். பாத்திக்கு வெயில், எங்களுக்கு நிழல்."

சாமிதாஸ் கங்காணியைப் பார்த்தார். கங்காணி கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி" என்றார் முதலாளி. "உக்காருங்க. ரெண்டு வேளையும்."

"கங்காணி அண்ணாச்சி கேட்டியளா?"

"கேட்டேன்" என்றார் பொன்னுலிங்கம். அது போதும் என்று எல்லாருக்கும் தெரியும்.

அன்றைக்கே நகர்த்தினார்கள். பெண்கள் வரிசையாக நின்று முந்தானைகளை விரித்துப் பிடித்துக்கொண்டு அசைத்தார்கள், முன்னால் கனிபாக்கியம் பைப்பைப் பற்றவைத்து, பாரமேறுகிற மூச்சில் விட்டு விட்டு ஊதிக்கொண்டே நடந்தாள். தாய்ப்பசுவின் பின்னே கன்று போவது போல, பெரிய புகை அந்தச் சிறிய புகையின் பின்னே போயிற்று. ஏசுவடியான் அன்று அவளைத் தேடி அளத்துக்கு வந்திருந்தார். அவ்வளவு கடல் சுற்றியும் மனைவி வேலைபார்க்கிற இடத்தை அவர் பார்த்ததில்லை. நுழைவில் இருந்த காவலாளி, "நீங்க யாரு அண்ணாச்சி?" என்று கேட்டபோது, கப்பல்களின் பெயர்களை எல்லாம் அடுக்கித் தன்னைச் சொல்லிப் பழகிய மனுஷர், தூரத்தில் புகைக்கு முன்னால் நடந்துபோகிறவளைக் காட்டி, "அந்தா போறாளே, அவளுக்கு வீட்டுக்காரன்" என்றார்.

ஐப்பசியில் வாடைக்காற்றோடு மழை இறங்கியபோது புகையும் கூடவே இறங்கிவிட்டது. முதல் மழை முழுதும் கருப்பட்டி வாசனையாகப் பெய்தது, ஊரார் முற்றத்தில் நின்று நனைந்தார்கள், அப்புறம் ஆகாயம் பழைய ஆகாயம் ஆயிற்று. தை பிறந்து அளம் திறந்தபோது அம்பாரத்துக்குப் பின்னால் தரிசில் கீற்றுக் கொட்டகை ஒன்று நின்றது. கங்காணி குரல் கொடுத்தார், பலகைகளும் பெட்டிகளும் ஒன்றாக இறங்கின. கனிபாக்கியம் பைப்பைப் புருஷனிடமே கொடுத்துவிட்டிருந்தாள். மற்றவர்களோடு கால் நீட்டி உட்கார்ந்து வெற்றிலை போட்டாள்.

அந்த வருஷம் கோடைக்குள் ஒருநாள், புருஷனும் பெண்டாட்டியும் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுப் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். எங்கேயோ தெற்கே இருந்த வேறொரு அளத்துப் பெண்கள் கூட்டமாக ஏறினார்கள், பாதங்களைப் பார்த்தாலே தெரிந்தது. ஒருத்தி, பஸ்ஸில் ஏற்கெனவே இருந்த தன் தோழியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"எங்களுக்கு இப்ப காலையில ஒண்ணு, சாயந்தரம் ஒண்ணு, கனி நேரம் உண்டு. நடந்தது போதும்னு கங்காணியே சொல்லிருவாரு."

"கனி நேரமா? பழம் தருவாவளா?"

"பழமெல்லாம் இல்லட்டி. உக்காருத நேரத்துக்கு அப்படிப் பேரு. எல்லா அளத்துலயும் அப்படித்தான் சொல்லுதாவ. மத்த இடத்துல ஆதியிலேர்ந்தே அப்படித்தான் போல."

ஏசுவடியான் திரும்பி வாயைத் திறந்தார். கனிபாக்கியம் அவர் கையை மடியிலேயே வைத்து அழுத்தினாள். அவர் வாயை மூடிக்கொண்டார்.

அந்தப் பெண் இவள் காலைப் பார்த்துவிட்டுச் சிநேகமாகக் கேட்டாள். "நீங்களும் அளமா எக்கா? உங்க அளத்துல கனி நேரம் உண்டா?"

"உண்டும்மா" என்றாள் கனிபாக்கியம். "எங்க அளத்துலயும் உண்டு."

தங்கள் ஊர் நிறுத்தம் வந்ததை இரண்டு பேரும் கவனிக்கவில்லை. பஸ் அவர்களை அடுத்த ஊரில் கொண்டுபோய் இறக்கிவிட்டது. வெயில் தாழ்ந்துகொண்டிருந்த கடற்கரைச் சாலையில், அவள் முன்னால் நிமிர்ந்து நடந்தாள், மூச்சு வாங்கிக்கொண்டு அவர் பின்னால் வந்தார், அவருக்கு மூச்சு வாங்குகிற இடமெல்லாம் நின்று, உட்கார்ந்து, சாவகாசமாக வீடு போய்ச் சேர்ந்தார்கள்.